"வீட்டுக்குச் சொல்லமாட்டேன்" என்று முதலில் சொல்லுங்கள்

கண்டியிலும் பேராதனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் ஆலோசகர்களாகவும் விடுதிப் பொறுப்பாளர்களாகவும் கடமையாற்றும் விரிவுரையாளர்களுக்கு,



உங்கள் அறைக்கு ஒரு பிள்ளை வருகிறது. பரீட்சைப் பயம் என்கிறது, நித்திரை வருவதில்லை என்கிறது, அறைத் தோழர்களோடு ஒத்துப்போகவில்லை என்கிறது. நீங்களும் நேர அட்டவணை போட்டுப் படிக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். சில நாள் கழித்து அதே பிள்ளை மறுபடியும் வந்து, இன்னும் சிறிய ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, எழுந்து போக மனமில்லாமல். நீங்கள் பொறுமையாக இருந்தால், மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, தலையைக் குனிந்தபடி அது சொல்லக்கூடும்: தன் மனம் தன் பாலினத்தவரை நாடுகிறது, அல்லது நாடுகிறதா என்று தனக்கே தெளிவில்லை என்று. அந்த நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் என்னவாக இருக்கும்? இதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கண்டியில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. பேராதனையில் படித்தவள். சிங்களமும் தமிழும் சரளமாகப் பேசுவேன் என்பதால், நாளாந்தப் பிரச்சினைகளுக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள்: வைத்தியசாலையில், பொலிஸ் நிலையத்தில், சில வேளை கல்வி நிறுவனங்களிலும். கேட்டதையும் பார்த்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, 1952இல் மகாவலிக் கரைக்கு, ஹந்தானை மலையடிவாரத்துக்கு வந்தது. அன்றுமுதல் இந்த வளாகம் படிப்புக்குப் பேர்போனதுபோலவே காதலுக்கும் பேர்போனது. 1969இல் 'ஹந்தானே கதாவ' என்ற சிங்களப் படம் இந்த வளாகத்துக் காதலை நாடு முழுவதற்கும் காட்டியது. இங்கே 'லவர்ஸ் லேன்' என்று ஒரு பாதைக்கே பெயர் இருக்கிறது. குறிஞ்சிக்குமரன் ஆலயத்துக்கு ஏறிப்போகும் வழியில் எத்தனை தமிழ்க் கலியாணங்கள் மனதளவில் நிச்சயமாயின என்று பழைய மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இருபது வயதில் மனம் ஒருவரைத் தேடும் என்பதை இந்த ஊர் என்றுமே குறையாக எடுத்ததில்லை. விரிவுரையாளர்களும் கண்டும் காணாததுபோலச் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிரிப்பில் பங்கு கிடைக்காத பிள்ளைகளும் அதே மரங்களின் கீழேதான் நடந்து போகிறார்கள். இன்று நேற்றல்ல, 1952இலிருந்தே.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கண்டி மாவட்டத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனம். எது என்று சொல்லப்போவதில்லை. மலையகத்து மாணவன் ஒருவன் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். மாணவர் ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது, பையனுக்குச் சிங்களம் போதாது. ஆகவே என்னை அழைத்தார்கள். அறை வாசலில் ஒரு மேசை, அதில் ஒரு பதிவேடு. பெயர், பதிவிலக்கம், பீடம், வந்த காரணம் என்று நான்கு நிரல்கள். முன்னால் வந்துபோனவர்களின் பெயரும் காரணமும் அப்படியே கண்ணில் படுகின்றன. "காரணம்" என்ற இடத்தில் பையன் பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு "காய்ச்சல்" என்று எழுதினான்.

உள்ளே கதவு பாதி திறந்திருந்தது. தேநீர் கொண்டுவந்தவர் தேநீரை வைத்துவிட்டு வாசலோரமே நின்றார். ஆலோசகர் நல்ல மனிதர், கோபப்படாதவர். பையன் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "மிஸ், நீங்க எந்த ஊரு?" என்றான். கட்டுகஸ்தோட்டை என்றேன். "அட்டன் பக்கம் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா மிஸ்?" இல்லை என்றேன். "கோயில் கமிட்டியில எல்லாம் இருக்கீங்களா?" அவன் என்ன கணக்குப் பார்க்கிறான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் வாயிலிருந்து வரும் சொல் எந்த வழியாகத் தன் லயத்துக்குப் போய்ச் சேரக்கூடும் என்று ஒவ்வொரு வழியாக அடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கம்பஸுக்கு எடுபட்டபோது தோட்டத்தில் அவன் படம்போட்டுப் பதாகை கட்டியிருந்தார்கள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். அந்தப் பதாகைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் அவன் பேச வேண்டியிருந்தது.

கடைசியில் சொன்னான், இரண்டு வாக்கியம். நான் மொழிபெயர்த்தேன். ஆலோசகர் மென்மையாகவே பதில் சொன்னார்: "இந்த வயதில் இப்படியெல்லாம் தோன்றும், போய்விடும், படிப்பைக் கவனியுங்கள்." பிறகு, அக்கறையோடுதான், "வீட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நானும் அதைத் தமிழில் சொன்னேன். பையனின் முகம் மாறியது. அவர் கேட்டது ஒரு கேள்வி. அவன் காதில் விழுந்ததோ, வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்ற எச்சரிக்கை. "ஒண்ணுமில்ல மிஸ், காய்ச்சல்தான்" என்று எழுந்துவிட்டான். திரும்ப அந்த அறைக்கு அவன் வரவில்லை.

அந்த ஆலோசகரை நான் குறை சொல்லவில்லை. அவர் பௌதிகவியலோ பொருளியலோ படிப்பிக்கிறவர். பாடம் நடத்துவது, ஆய்வு, பரீட்சைத் தாள் திருத்துவது இவற்றோடு இந்தக் கடமையும் அவர் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிள்ளை இப்படிப் பேசினால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். உங்களில் பலரின் நிலையும் இதுதான் என்று அறிவேன். ஆகவே நான் பெரிய ஏற்பாடுகளைக் கேட்கவில்லை. முதலில் கேட்பது ஒரு வாக்கியம்: "நீங்கள் இங்கே சொல்வதை உங்கள் வீட்டுக்கோ துறைக்கோ விடுதிக்கோ நான் சொல்லமாட்டேன். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் உதவி கேட்பேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டே கேட்பேன்." இதைப் பிள்ளை வாய் திறக்க முன்னர் சொல்லிவிடுங்கள். அவர்கள் 18 வயது கடந்தவர்கள், வாக்குரிமை உள்ள பிரஜைகள். பெற்றோருக்கு அறிவிக்கிற கடமை பாடசாலை அதிபருடையதாக இருக்கலாம். உங்களுடையது அல்ல.

தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இதைச் சொல்ல ஆள் குறைவு. யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார், மட்டக்களப்பு, அட்டன் என்று எங்கெங்கிருந்தோ வந்து கண்டியில் சேர்கிறார்கள். வந்த கையோடு ஒரு சின்னத் தமிழ் வட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். அந்த வட்டம்தான் முதல் வருடத்தில் சோறும் பாயும் தருவது, நோட்ஸ் தருவது, காய்ச்சலென்றால் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவது. அதே வட்டத்துக்குள் ஒரு கதை புகுந்தால் பொழுது சாய்வதற்குள் எல்லா விடுதிக்கும் போய்விடும், மறுநாள் ஊருக்கும் போய்விடும். தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவர் இருந்தாலும் அவர் பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் சொந்தத் துறை விரிவுரையாளர், நாளைக்கு விடைத்தாள் திருத்தப்போகிறவர், தமிழ்ச் சங்கப் பெரும்பொருளாளர், அல்லது அப்பாவோடு படித்தவர். அவர் மிகவும் கிட்ட, சிங்கள ஆலோசகர் மிகவும் தூர. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை மாட்டிக்கொள்கிறது.

இதற்கு ஒரு வழி உங்கள் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும் ஒன்பது பீடங்கள். கலைப்பீடத்து மாணவி மிருக வைத்திய பீடத்திலிருக்கும் தமிழ் பேசும் விரிவுரையாளர் ஒருவரிடம் போய்ப் பேசலாம், பொறியியல் மாணவன் விவசாய பீடத்தில் ஒருவரிடம் பேசலாம் என்று ஏற்பாடு செய்தால் என்ன? பேராதனைக்கு வெளியே உள்ள தனியார் நிறுவனங்களும் கல்வியியற் கல்லூரிகளும் சேர்ந்துகொண்டால் ஒருவர் இன்னொருவரின் மாணவரைப் பார்க்கலாம். பதிவேட்டில் "காரணம்" என்ற நிரலை அழித்துவிடலாம். பெயருக்குப் பதில் ஓர் இலக்கம் போதும். கதவைச் சாத்தலாம். இதற்கெல்லாம் பாதீட்டில் ஒரு சதமும் வேண்டாம்.

சட்டத்துக்கு வருகிறேன். ஏனென்றால் உங்களில் நல்லெண்ணம் உள்ளவர்களும் இங்கேதான் பின்வாங்குகிறீர்கள். "மிஸ், நாட்டின் சட்டமே அப்படி இருக்கும்போது நாங்கள் எப்படி?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தன்பாலினச் சேர்க்கைக்கு எதிராகப் பயன்படும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகள் பிரித்தானியர் வைத்துவிட்டுப் போனவை. விக்டோரியா மகாராணி காலத்து ஒழுக்கம் அது, நம்முடையதல்ல. 1995இல் செய்த திருத்தம் அதைக் குறைக்கவில்லை, ஆண்களைப் பற்றியிருந்த 365அ பிரிவைப் பெண்களுக்கும் நீட்டிவிட்டது. அந்தச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது பேசுவது செயலைப் பற்றி. ஒருவர் மனத்தின் ஈர்ப்பை அது குற்றமாக்கவில்லை. "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று ஒரு பிள்ளை சொல்வது குற்றமல்ல. அதை நீங்கள் உட்கார்ந்து கேட்பதும் குற்றமல்ல.

அந்தச் சட்டமும் அசையாமல் நிற்கவில்லை. 2016இல் மருதானைப் பொலிஸ் வழக்கொன்றில் உயர் நீதிமன்றம், வயதுவந்த இருவரின் சம்மதத்தோடு நடப்பதில் அரசு தலையிடக்கூடாது என்ற தற்காலச் சிந்தனையைக் குறிப்பிட்டு, தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. 2022இல் ரோசானா ஃபிளேமர்-கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், பெண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்குவது பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தை மீறுகிறது என்று ஐக்கிய நாடுகளின் குழு தீர்மானித்தது. 2023இல் இந்தப் பிரிவுகளைத் திருத்தவென்று பிரேம்நாத் தொலவத்த பாராளுமன்றத்தில் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் மே மாதத்தில் அறிவித்தது. பிறகு 2024 செப்டெம்பரில் அந்தப் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலம் நிறைவேறவில்லை. சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. அதுவரைக்கும் ஒரு பிள்ளையின் பேச்சைக் கேட்காமல் இருப்பதற்கு இந்தச் சட்டம் உங்களுக்குச் சாட்டாக முடியாது.

வைத்தியம் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதி தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அமெரிக்க மனநல வைத்தியர்கள் அதற்கு முன்பே 1973இல் எடுத்துவிட்டார்கள். இலங்கை மனநல வைத்தியர்கள் கல்லூரியும் 2021இல் இது மனநோயல்ல என்று பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்களிடம் வந்த பிள்ளையை, "குணமாக்க" என்று எங்கும் அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு மனச்சோர்வு இருந்தால், நித்திரையில்லாமல் இருந்தால், தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணம் இருந்தால், பேராதனைப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்யட்டும், ஈர்ப்புக்கு அல்ல. ஊரில் நம்மவர்கள் சாத்திரியிடமும் கோடாங்கியிடமும் ஜெபக் கூட்டத்துக்கும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். தாயத்துக் கட்டுகிறார்கள், தேசிக்காய் வெட்டுகிறார்கள், அதற்கும் சரிவராவிட்டால் கலியாணம் பேசுகிறார்கள். படித்தவர்கள் செய்யும் "போய்விடும், படிப்பைப் பார்" என்பதும் அதே கயிற்றின் இன்னொரு முனைதான்.

2021இல் நம் நாட்டில், பொலிஸாருக்கான பயிற்சி ஒன்றில் உளவளத்துணையாளர் ஒருவர் தன்பாலீர்ப்பு உள்ளவர்களை இழிவாகப் பேசிய காணொளி பரவி, அது மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. உளவளத்துணை என்ற பெயர்ப்பலகை மட்டும் ஒருவரைப் பாதுகாப்பான காதாக மாற்றிவிடாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே ஆண்டில் கடலுக்கு அப்பால் சென்னையில் நடந்ததை உங்களிடம் அவசியம் சொல்லவேண்டும். ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு இளம் பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்துவிட்டார்கள். பெற்றோர், மகள்களைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுத்தார்கள். வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. அவர் தீர்ப்பை உடனே எழுதிவிடவில்லை. இந்த விடயம் தனக்குப் போதுமாக விளங்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி, ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டு, அவர் முன் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பியவர், தானும் அதே கதிரையில் போய் உட்கார்ந்தார். 2021 ஜூன் 7ஆம் திகதி வந்த உத்தரவில், ஒருவரின் ஈர்ப்பை வைத்தியத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தார். அதைத் தொடர்ந்து 2022இல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிப்பட்ட "சிகிச்சையை" வைத்தியரின் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. உயர்ந்த பதவியில் உள்ள ஒரு தமிழர், தெரியாததைக் கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. ஒரு பிற்பகலை ஒதுக்கி அதைச் செய்ய உங்களாலும் முடியும்.

விடுதிப் பொறுப்பாளர்களிடம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பகலில் ஆலோசகர் இருக்கிறார், இரவில் நீங்கள்தான். பேராதனையின் விடுதிகளுக்கு ஒரு வேதனையான சரித்திரம் உண்டு. 1975இல் ராமநாதன் விடுதியில் ரூபா ரத்னசீலி என்ற விவசாய பீட மாணவி பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து, நடமாட முடியாதவராகி, 2002இல் காலமானார். 1997இல் பொறியியல் மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதையின் பெரும்பங்கு உடம்பை அவமானப்படுத்துவதுதான் என்று உங்களுக்குத் தெரியும். நடையைப் பார்த்து, குரலைப் பார்த்து, கைவிரலைப் பார்த்துப் பட்டப்பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயர் நான்கு வருடம் ஒட்டிக்கொள்கிறது. ஆண் விடுதிகளில் இருவரைச் சேர்த்து நிறுத்திக் கேலிக்கூத்து நடத்துவது சிரிப்புக்காக என்று சொல்லப்படுகிறது. உண்மையிலேயே தன் மனத்தை விளங்கிக்கொள்ளத் தவிக்கும் பையன் அந்த வரிசையில் நிற்கும்போது அவனுக்கு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தனக்குள் உள்ளதைத்தான் ஊரே கேலி செய்கிறது என்று அன்றிரவே முடிவுகட்டிவிடுகிறான்.

ஒரு பிள்ளை அறை மாற்றித் தாருங்கள் என்று கேட்டால், காரணத்தைத் தோண்டாமல் மாற்றிக்கொடுங்கள். தோண்டினால் பொய்தான் வரும். அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பதே பிறகு அந்தப் பிள்ளைக்குத் தனி வேலையாகிவிடும். "அவனோடு ஓர் அறையில் இருக்கமாட்டோம்" என்று மற்றவர்கள் மனுக் கொடுத்தால், கேலிக்கு ஆளானவனை விடுதியை விட்டு அனுப்புவதைத் தீர்வு என்று எழுதாதீர்கள். கேலி செய்தவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் பால்நிலைச் சமத்துவத்துக்கென நிலையியற்குழு ஒன்று இருக்கிறது, பகிடிவதைக்கு முறைப்பாட்டு வழிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் துணிவை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியவர் நீங்கள்.

பெண் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. இருவர் ஒரே கட்டிலில் படுத்தாலும் கைகோத்துக்கொண்டு நடந்தாலும் தோழிகள் என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பாதுகாப்பு ஒரே நாளில் உடைந்துபோகும். கைபேசியில் ஒரு செய்தியை அண்ணன் பார்த்துவிட்டால் போதும். ஆண்பிள்ளையை வீட்டில் அடிப்பார்கள், திட்டுவார்கள், ஆனால் படிப்பைப் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். பெண்பிள்ளையைப் படிப்பிலிருந்தே எடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை பார்க்கும் வேலை அந்தக் கிழமையே தொடங்கிவிடும். ஆகவே ஒரு மாணவியின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து "உங்கள் மகளைக் கொஞ்சம் கவனியுங்கள்" என்று நல்லெண்ணத்தோடு ஒரு வாக்கியம் சொன்னால், அவளுடைய பட்டம் அன்றே போய்விடக்கூடும். உங்கள் விரல் அந்த எண்ணை அழுத்துவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பயமுறுத்திப் பணம் பறிப்பது இப்போது பெருகியிருக்கிறது. கைபேசிச் செயலியில் பொய்ப் பெயரில் பேசி, கண்டி நகரத்துக்கோ வேறெங்கோ வரச்சொல்லி, படம் எடுத்து, "பொலிஸுக்குக் கொடுப்போம், வீட்டுக்கு அனுப்புவோம்" என்று மிரட்டுகிறார்கள். மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தை மாதாமாதம் இப்படிக் கொடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். மிரட்டிப் பணம் பறிப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, குற்றவாளி தான்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மேலும் பணம் கொடுக்காதே என்று சொல்லுங்கள், நம்பிக்கையான ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போங்கள்.

இன்னொன்று, இதுதான் மிகவும் கடினமானது. வருகிற எல்லாப் பிள்ளைக்கும் பதில் தெரிந்திருப்பதில்லை. "நான் இதுதான்" என்று உறுதியாகச் சொல்கிறவர்களைவிட, "எனக்கே விளங்கவில்லை" என்கிறவர்கள்தான் கூட. ஒருவர் தோழிமேல் வைத்த பாசத்தை என்னவென்று அழைப்பது என்று குழம்புவார். இன்னொருவருக்கு இருபாலர்மேலும் ஈர்ப்பு இருக்கும். வேறொருவருக்குக் கேள்வியே ஈர்ப்பைப் பற்றியதாக இருக்காது, தான் ஆணா பெண்ணா என்பதைப் பற்றியதாக இருக்கும். அது தனி விடயம், அதற்கு 2016ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கையின்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. குழம்பியிருக்கும் பிள்ளையிடம் "ஆமா, இல்லையா, முடிவாகச் சொல்" என்று நெருக்காதீர்கள். "அதெல்லாம் இல்லை" என்று நீங்களாக முடிவு சொல்லவும் வேண்டாம், "ஓ, நீ அதுதான்" என்று பெயர் சூட்டவும் வேண்டாம். நீங்கள் கொடுக்க வேண்டியது நேரம், பாதுகாப்பான இடம், அடுத்த முறையும் வரலாம் என்ற நம்பிக்கை. விடை வருகிறபோது வரட்டும். வராமலே ஒரு பிள்ளை பட்டம்பெற்றுப் போனாலும் பரவாயில்லை.

கேட்பதற்கு ஆள் பிடிப்பது முடியாத காரியமல்ல. 1970இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 'நைட்லைன்' என்று ஒரு சேவை தொடங்கியது. பயிற்சி பெற்ற மாணவர்களே இரவில் தொலைபேசியில் இருப்பார்கள், பெயர் கேட்கமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள், கேட்பார்கள். அது இன்று பல பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. மும்பை ஐஐடியில் 2011இலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் துணையாக 'சாத்தி' என்ற மாணவர் குழு இயங்குகிறது. நம் நாட்டிலேயே சுமித்ராயோ 1974இலிருந்து இதே வேலையைச் செய்துவருகிறது, கண்டியிலும் அதற்குக் கிளை உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். இவர்களின் உரிமைக்காக 2004இல் தொடங்கிய ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பு தமிழிலும் கையேடுகள் வெளியிட்டிருக்கிறது. இவற்றில் எது உங்கள் விடுதியின் அறிவித்தல் பலகையில் இருக்கிறது? கிரிக்கெட் போட்டி, சரஸ்வதி பூசை, இரத்ததானம் எல்லாம் இருக்கின்றன. இதுவும் இருக்கட்டும். ஆனால் பலகையின் முன்னால் நின்று எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். குளியலறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள், அங்கே தனியாக நின்று வாசிக்கலாம்.

பெற்றோரைப் பற்றி உங்களில் சிலர் கேட்பீர்கள், நாங்கள் மறைத்தால் அவர்களுக்குத் துரோகமில்லையா என்று. நானும் தாய்தான். பிள்ளையைப் பற்றிய செய்தி பிள்ளையின் வாயிலிருந்து வரவேண்டும், அதுவும் பிள்ளை தயாரான காலத்தில். தயாராகும் வரை அந்தப் பிள்ளை உயிரோடும் மனத்தெம்போடும் படிப்போடும் இருக்கவேண்டும் என்பதைத்தான் எந்தத் தாயும் விரும்புவாள், கேட்கத் தெரிந்தால் அதைத்தான் உங்களிடம் கேட்பாள். ஒரு நாள் பிள்ளை வீட்டில் சொல்லத் தீர்மானித்து, "சேர், நீங்களும் பக்கத்தில இருப்பீங்களா?" என்று கேட்டால், அன்றைக்குப் போய் இருங்கள்.

புதிய மாணவர் அணிக்குக் கொடுக்கும் கைநூலில் நூலக நேரம், விடுதி விதி, பஸ் பாதை எல்லாம் மும்மொழியிலும் அச்சாகிறது. அடுத்த பதிப்பில் இந்த வாசகத்தையும் சேர்த்துவிடுங்கள்: "உங்கள் ஈர்ப்பைப் பற்றியோ பால்நிலையைப் பற்றியோ பேசவேண்டும் என்றால், உங்கள் துறைக்கு வெளியே, உங்கள் மொழியில் பேசும் ஒருவரைச் சந்திக்கலாம். காரணம் எழுதத் தேவையில்லை. உங்கள் வீட்டுக்குச் சொல்லமாட்டோம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், உங்களிடம் சொல்லிவிட்டு, உதவி தேடுவோம்." கீழே யாரை, எங்கே, எந்த நேரம் என்று போடுங்கள். சிங்களத்திலிருந்து தமிழாக்கம் செய்து, அச்சுப் பிழை பார்த்துத் தர நான் தயாராக இருக்கிறேன். ஆலோசகர்களுக்குப் பயிற்சி வைத்தால், மொழிபெயர்க்கவும் வருவேன். போக்குவரத்துச் செலவும் வேண்டாம்.

அன்புடன்,
கட்டுகஸ்தோட்டையிலிருந்து,
ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை